கூட்டத்துக்கு ஆள் ஏத்தப் போனவன்

கட்சியிலிருந்து என்னை நீக்குற கடிதத்தை நான்தான் டைப் அடிச்சேன். கிளைச் செயலாளர் நான்தானே, வேற யார் அடிப்பா? எழுபதுகளின் கடைசி அது. ஈப்போவை ஒட்டின லகாட் பக்கத்துல, ரப்பர் பால்மரத்தை வெட்டிட்டு எண்ணெய்ச் செம்பனை நட்டிருந்த எஸ்டேட். கிளைத் தலைவர் என் அக்கா புருஷன்.

சட்டவிதிப்படி, தொடர்ந்து மூணு கூட்டத்துக்கு வராதவன் உறுப்பினர் இல்ல. பன்னிரண்டு பேர் சேராம கூட்டமும் செல்லாது. தொழிலாளர் குடியிருக்கிற லயத்துலேர்ந்து முக்காவாசிப் பேர் தானா நடந்து வர மாட்டாங்க. என் மோட்டர் சைக்கிள்ல ஒவ்வொருத்தனா ஏத்தியாந்து இறக்குவேன். பன்னிரண்டு சேர்ந்ததும் ஆரம்பிச்சுடுவாங்க. சட்டை மாத்திட்டுக் காத்து நிக்கிற மிச்சப் பேரை விட்டுட முடியுமா? திரும்பப் போவேன். கடைசி ஆளோட வரும்போது தேத்தண்ணி ஊத்திட்டிருப்பாங்க. கையெழுத்து நோட்டுல என் பேர் மட்டும் இருக்காது. எட்டு வருஷம் இதான் கதை. தலைவர் பதவிக்கு நிக்கப்போறேன்னு நான் வாயை விட்ட அன்னைக்குத்தான் மச்சானுக்குச் சட்டம் ஞாபகம் வந்துச்சு.

"காரணம் இருந்தா செயலாளர்கிட்ட சொல்லியிருக்கணும் மாப்ளே."

"செயலாளர் நான்தான் மச்சான்."

"அப்ப ஏன் சொல்லல?"

ஈப்போவுல ஒரு யாழ்ப்பாணத்து வக்கீலைப் பார்த்தேன். கட்சிச் சட்டவிதி உறுப்பினர்களுக்குள்ள ஒப்பந்தம் மாதிரி, மீறினா கோர்ட் கேக்கும்னார். போன உசிரு திரும்பி வந்துச்சு. "முதல்ல கட்சிக்குள்ள அப்பீல் செய்து பாருங்கோ. பிறகுதான் கோர்ட்."

போட்டேன். கிளைக் கூட்டத்துல அதை விசாரிக்கிற அன்னைக்கு ஆறு பேர்தான் வந்தாங்க. மச்சான் என் மோட்டரையே பார்த்தார். "உன் அப்பீல்தானே மாப்ளே, நீயே போய் ஏத்தியாந்துடுலா."

போனேன், எனக்கு வேற வழி? பன்னிரண்டாவது ஆளைத் தேடிக் கடைசி லயத்துல நிக்கும்போது, முட்டி வலின்னு எட்டு வருஷமா என் வண்டியிலயே வந்த கிழவர் தானா நடந்து வந்துட்டாராம். உடனே ஆரம்பிச்சுட்டாங்க. நான் திரும்பினப்ப எல்லார் கையிலயும் தேத்தண்ணி. அப்பீல் பண்ணினவர் வரலேன்னு தள்ளுபடி. கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும் இந்த எட்டு வருஷத்துல என் பின்னால உக்காந்து வந்தவங்க. எவனும் என் மூஞ்சியப் பார்க்கல.

வக்கீலுக்குச் சந்தோஷம். "இனித் தாராளமாக் கோர்ட்டுக்குப் போகலாம். நீங்கள் ஆள் ஏத்தப் போனதைச் சொல்லச் சாட்சி இருக்கோ?"

"அந்தப் பன்னிரண்டு பேர்தான் சார்."

"நல்லது. வழக்கு அன்றைக்கு அவையளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

மோட்டர் சாவியை அவர் மேசை மேல வச்சுட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்துட்டேன்.