அப்பாவின் விரல்

லிங்கநகர் வீட்டுக்குப் பழைய றெக்கோட் பிளேயர் ஒன்றை வாங்கி வந்து, புது வயர்கள் போட்டு அம்பிளிபயரில் இணைத்தேன். ஊசியை இறக்கியதும் பாட்டுக்கு அடியில் 'ம்ம்' என்று ஓர் இரைச்சல்.

அது எனக்குப் பழக்கமான இரைச்சல். சின்ன வயதில், துறைமுகத்தில் வேலை முடிந்து எண்ணெய் மணக்கும் சட்டையோடு வரும் அப்பா, எங்கள் பிளேயரின் இரும்புத் தகட்டில் ஒரு விரலை வைத்தபடி, இசைத்தட்டின் ஒரு பக்கம் முடியும்வரை அப்படியே நிற்பார். தேத்தண்ணி ஆறிப்போகும். கடற்கரைக்குப் போவோம் என்று மற்றக் கையைப் பிடித்து இழுத்தால், "பொறு மகள், அம்மா கேக்கிறா" என்பார். குசினியில் தேங்காய் துருவும் சத்தம் நின்றிருக்கும். என்னைவிட அந்தப் பெட்டியில்தான் அவருக்குப் பிரியம் என்று கோபித்துக்கொள்வேன்.

இப்போதும் குசினியிலிருந்துதான் அம்மாவின் குரல் வந்தது.

"இரையுது பிள்ளை. அப்பா வைக்கிற மாதிரி விரலை வை."

வைத்தேன். இரைச்சல் அடங்கி, பாட்டு மட்டும் கேட்டது.

விரலுக்குப் பதிலாகப் பூட்டுவதற்கென்றே ஓர் எர்த் வயர் மேசையில் கிடந்தது. பிறகு பூட்டலாம் என்று அப்படியே நின்றேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.