குஞ்சம் கட்டத் தெரியாதவர்கள்

திருவாரூர்த் தேரோட்டத்துக்கு என்னையும் கூட்டிப்போய் ராட்டினத்தில் ஏற்றிவிடுவதாகச் சித்தப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியத்திலிருந்தே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சித்தியை அழைத்துப்போகத்தான் அவர் பூதலூர் வந்திருந்தார். ஒரே ஒரு பையோடு சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. லீவுக்கு வந்திருக்கிறாள் என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். இவ்வளவு லீவு யார் கொடுத்தார்கள் என்று நானும் கேட்கவில்லை. “போயிட்டு வா, எல்லாம் சரியாயிடும்” என்று அப்பா பேச்சை முடித்துவிட்டார்.

கிளம்புமுன் நெசவுக் கூட்டத்தில், எங்கள் வீட்டுத் தறியில் தான் நெய்த துண்டைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று மட்டும் சித்தி கேட்டுக்கொண்டாள். சர்ச்சுக்குப் பின்னால் இருந்த கூடத்தில், வீட்டில் சின்னத் தறி வைத்திருந்த பெண்கள் மாதம் ஒருமுறை கூடுவார்கள். நெய்து முடித்ததைக் காட்டுவார்கள், தெரிந்த வித்தையைச் சொல்லிக்கொடுப்பார்கள். யாரும் சட்டென்று பாராட்டிவிட மாட்டார்கள். துணியைத் திருப்பிப் போட்டு விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் பேச்சு.

கூட்டத்தில் எல்லோருக்கும் மூத்தவரான நர்ஸம்மா சித்தியின் கட்டம்போட்ட துண்டைத் தடவிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தினார். அங்கே மட்டும் கட்டங்கள் நசுங்கிக் கிடந்தன.

“இங்க மட்டும் ஏம்மா நூலை இப்படி ஓங்கி ஓங்கி அடிச்சிருக்கே?”

“அன்னைக்குத்தான்க்கா அவரு போன் பண்ணாரு, வந்து கூட்டிட்டுப் போறேன்னு” என்றாள் சித்தி. அந்த இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

வெளியே சித்தப்பா அப்பாவின் பைக்கில் உட்கார்ந்து ஹாரன் அடித்தார். நான் வாசலுக்கும் சித்திக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். நர்ஸம்மா துண்டின் ஓரத்தைத் தூக்கி, “இந்தக் குஞ்சம் எப்படிக் கட்டினே? எனக்குப் புரியல, காட்டேன்” என்றார். சித்தி கட்டிக் காட்டினாள். பக்கத்தில் இருந்தவருக்கும் புரியவில்லை. அவருக்கு அடுத்தவருக்கும் புரியவில்லை. எரிச்சல் தாங்காமல் நூலைப் பிடுங்கி நானே முறுக்கி முடிச்சுப் போட்டுக் காட்டினேன். நர்ஸம்மா நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, “தப்பு பாப்பா, அவுத்துடு” என்றார்.

“ரயிலுக்கு நேரமாச்சு!” என்று சித்தப்பா வாசலில் நின்று கத்தினார்.

“இருங்க தம்பி, இந்த ஒண்ண மட்டும் கத்துக்கிறோம்” என்றார் நர்ஸம்மா.

அத்தனை பெண்களைத் தாண்டி உள்ளே வர அவருக்குத் துணிவில்லை. அந்த ரயிலை விட்டால் மறுநாள் டூட்டிக்கும் போக முடியாது. ரயிலின் சத்தம் கேட்டதும் ஏதோ திட்டிக்கொண்டே தனியாகப் போய்விட்டார். சித்தி தரையில் உட்கார்ந்து அழுதாள். ராட்டினம் போன துக்கத்தில் நானும் சேர்ந்து அழுதேன்.

நர்ஸம்மா எங்களோடு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் வெகுநேரம் பேசினார். சித்தி அதன்பிறகு திருவாரூர் போகவேயில்லை.

எனக்கோ ஆறவில்லை. சித்திக்குக் குஞ்சம் கட்டக் கற்றுக்கொடுத்ததே அந்த நர்ஸம்மாதான், அதற்குள் மறந்துவிட்டாரே! பிறகு, பாவம், வயசாகிவிட்டது என்று தோன்றியது. அடுத்த கூட்டத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முறுக்குவதிலிருந்து முடிச்சு வரை பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். அவரும் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.