வாலில் வரும் லே

"அங்கிள் வாய்ஸ் சூப்பர். ஆனா திருநெல்வேலி ஸ்லாங் சுத்தமா வரல."

சென்னையிலிருந்து செல்பேசி வழியாக வந்த இந்தத் தீர்ப்பை, பாளையங்கோட்டையில் என் வீட்டுப் படுக்கையறையில், தலையோடு மூடிய ஜமுக்காளத்துக்குள் வியர்த்து வழிந்தபடி கேட்டேன். நான் இந்த ஊரில் பிறந்தவன். இந்த ஊரில் படித்தவன். இங்கேயே ஓர் அரசு அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடங்களாகக் கோப்புகளை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்த்திக்கொண்டிருப்பவன். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் வேதபாடம் வாசிப்பதும் நான்தான். குரல் நன்றாக இருக்கிறது என்று குருவானவரே சொல்லியிருக்கிறார். ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு என் ஊர்ப் பேச்சு வரவில்லை என்கிறான் ஒருவன்.

அவன் என் மகளின் மேலதிகாரி. மதுரைக்குத் தெற்கே வந்ததில்லை. திருநெல்வேலியை அவனுக்குக் காட்டியது முழுக்க முழுக்க சினிமா.

மகள் சென்னையில் வீடியோ கேம் செய்யும் கம்பெனி ஒன்றில் இருக்கிறாள். பிள்ளை என்ன வேலை பார்க்கிறது என்று அலுவலகத்தில் யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர்" என்று சொல்லி நகர்ந்துவிடுவேன். விளையாடுவதே வேலையா என்று அடுத்த கேள்வி வரும், எதற்கு? அந்தக் கம்பெனி இப்போது தமிழில் ஒரு விளையாட்டு செய்கிறது. ஒரு நாட்டின் ஆற்றை அரக்கன் விழுங்கிவிடுகிறான். இளவரசன் காய்ந்த ஆற்றின் வழியே மலைக்கு நடந்துபோய் அதை மீட்க வேண்டும். பாதி வழியில், ஒரு கல்மண்டபத்தில், ஏழடி உயரத்தில் ஆற்றுக் காவலன் ஒருவன் நிற்பான். கையில் அரிவாள். அரிவாள் என்று முடிவானதுமே அவன் எந்த ஊர்க்காரன் என்பதும் முடிவாகிவிட்டது.

"அவன் திருநெல்வேலித் தமிழ் பேசணும்னு சொன்னாங்கப்பா. நான் அந்த ஊருதான், நானே நெசமான பேச்சுல எழுதுதேன்னு சொல்லிட்டேன்" என்றாள் மகள். சொன்னது பதினைந்து பேர் இருந்த கூட்டத்தில். அவளுக்கு ஆறு மாதத் தற்காலிகக் காலம் அந்த வாரத்தோடு முடிகிறது. காவலன் சரியாக அமைந்தால் வேலை நிரந்தரம், விளையாட்டு முழுவதற்கும் வசனம் அவளுடையது. அமையாவிட்டால் சினிமாவுக்கு எழுதும் ஒருவரிடம் போய்விடும். இவள் பழையபடி பொத்தான்கள் அமுங்குகின்றனவா என்று அமுக்கிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அமுக்கவும் ஆள் தேவை என்றால்.

அதனால் குரலுக்கு அப்பாவைத் தேடி ஊருக்கு வந்துவிட்டாள்.

பதினான்கு வரிகள். படித்துப் பார்த்தேன். பெற்றவன் என்பதால் சொல்லவில்லை, நன்றாகவே எழுதியிருந்தாள். இளவரசன் மண்டபத்தில் ஏறியதும் காவலன் எழுந்து நின்று, "வாரும். வந்தது வந்துட்டீரு. திரும்பிப் போற சோலி மட்டும் வச்சுக்கிடாதேயும்" என்கிறான்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதைப் படித்ததும் முதுகு சில்லிடும். எங்களிடம் கோபத்தின் அடையாளம் மரியாதை. "எங்கலே போயிட்டு வாரே?" என்று அப்பா கேட்டால் பயமில்லை, சோறு உண்டு. "வாங்க சார், இப்பத்தான் வழி தெரிஞ்சுதோ?" என்று கேட்டால் அன்றைக்கு நான் தொலைந்தேன். 'லே' என்பது இங்கே சொல்லின் வாலில் வந்து ஒட்டிக்கொள்ளும், தோளில் கை போடுவதுபோல. சினிமாக்காரர்கள்தான் அதைப் பிடுங்கித் தலையில் வைத்து, முன்னால் ஓர் 'ஏ' போட்டு, மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஆக்கினார்கள்.

மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலை அடைத்து, ஜமுக்காளத்துக்குள் புகுந்து, செல்பேசியில் பதினான்கு வரிகளையும் பேசினேன். நடுவில் மூன்று முறை பக்கத்து வீட்டுக் குக்கர் கூவியது. மீதம் கொஞ்சம் நேரம் இருக்கிறது, விளையாடுகிற ஆள் ஒன்றும் செய்யாமல் நின்றால் காவலன் சொல்வதற்கு ஏதாவது சும்மா பேசுங்கப்பா என்றாள். அதற்கு வாயில் வந்ததைச் சொன்னேன்.

அனுப்பிய அந்தப் பதிவுக்குத்தான் அந்தத் தீர்ப்பு.

"அக்ரெஷன் இல்ல, அங்கிள். ஏதோ வழி சொல்ற மாதிரி இருக்கு. ஒரு 'ஏலே' கூட இல்லையே? கொஞ்சம் படங்கள் பாருங்க, ஐடியா கிடைக்கும். வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

என் ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொள்ள என்னைப் படம் பார்க்கச் சொன்னான். போனை வைத்ததும் நான் எகிறிய எகிறலை அப்படியே பதிவு செய்திருந்தால் வேலை அங்கேயே முடிந்திருக்கும். மனைவி கதவைத் திறந்து, "இந்தச் சத்தத்த அங்க போட வேண்டியதுதான? எங்கிட்டப் போடுதிய" என்றாள்.

சத்தம் போட எனக்கு முழு உரிமை இருந்ததா என்றால், இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். பல வருடங்களுக்கு முன்பு கோயம்புத்தூரில் பயிற்சி முடிந்து ரயிலில் வந்தபோது, என் கீழ்ப் படுக்கையில் ஒரு வாட்டசாட்டமான மனிதர் படுத்திருந்தார். எழுப்பினேன். அசையவில்லை. பொதுவாக எந்த ஊர் என்று மட்டும் கேட்டார். "திருநெல்வேலி" என்றேன். மனிதர் எழுந்து, தலையணையைத் தட்டிப் போட்டு, "சும்மா கால நீட்டினேன் சார்" என்று மேலே ஏறிப் போய்விட்டார். என் எடை அப்போது ஐம்பத்தொரு கிலோ. எங்கள் வீட்டில் ஓர் அரிவாள் உண்டு. அதைக்கொண்டு இன்றுவரை ஒரு தேங்காயை என்னால் இரண்டு சரிபாதியாக உடைக்க முடிந்ததில்லை. ஆனாலும் அன்று நான் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. நன்றாகத் தூங்கினேன். அந்தப் படங்களுக்கெல்லாம் அன்றைக்கு நான் மனதுக்குள் நன்றி சொல்லியிருக்கக்கூடும்.

மறுநாள் சட்டையில் மாட்டும் மைக் ஒன்று வாங்கிவரச் சொல்லி மகள் அனுப்பினாள். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம், செல்பேசிச் சாமான் கடை. கடைக்காரர் காயல்பட்டினத்துக்காரர். பதினெட்டு வருடம் துபாயில் இருந்துவிட்டுத் திரும்பியவர். அரசு ஊழியருக்கு எதற்கு மைக் என்று அவர் கேட்க, நான் முழுக் கதையையும் கொட்டிவிட்டேன்.

அவர் சிரித்து முடிக்க நேரமாயிற்று.

"சார், நான் ஊர்ல இருந்த வரைக்கும் பெரிய ஆளு யாரையும் லேன்னு கூப்பிட்டது இல்ல. கூப்பிட்டா வாப்பா தோலை உரிச்சிருப்பாவ. துபாய்ல ரூம்ல ஏழு பேரு. தஞ்சாவூரு, சேலம், மெட்ராஸ். வந்த முத வெள்ளிக்கிழமையே, 'பாய், உங்க ஊரு பேச்சு பேசிக் காட்டுங்க'ன்னானுவ. நான் பேசுனேன். 'இது இல்ல பாய், அந்த வெட்டுற பேச்சு'ன்னானுவ."

"என்ன செஞ்சீங்க?"

"சிடி வாங்கிப் போட்டுப் பாத்து படிச்சேன்."

"திருநெல்வேலிப் பேச்ச துபாய்ல படிச்சீங்களா?"

"வேற வழி? அப்புறம் ரூம்ல நாந்தான் ராஜா. பாத்ரூம் எனக்குத்தான் முதல்ல. லீவுல ஊருக்கு வந்து வாய் தவறி அதே மாதிரி பேசிட்டேன். எங்கும்மா என்ன சொன்னா தெரியுமா? 'ஏன்டா மெட்ராஸ்காரன் மாதிரிப் பேசுதே?'ன்னு கேட்டா."

வாடிக்கையாளர் இல்லாத நேரம். கல்லாவுக்குப் பின்னால் நின்றபடியே எனக்குப் பாடம் எடுத்தார். மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். முகவாயைத் தூக்க வேண்டும். 'ஏலே'யில் ஏகாரத்தை இங்கிருந்து வண்ணார்பேட்டை வரைக்கும் இழுக்க வேண்டும். பிறகு எதிரே இருப்பவனுடைய உடம்பில் ஏதாவது ஓர் உறுப்பின் பெயரைச் சொல்லி, அதை எங்கே எறியப்போகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். "பொருள் பாக்காதிய சார். சத்தந்தான் முக்கியம்." செல்பேசி உறை வாங்க வந்த ஒரு கல்லூரிப் பையன் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு வாங்காமலே போனான்.

வீட்டுக்கு வந்து மைக்கை மாட்டிக்கொண்டு, "எழுது" என்றேன் மகளிடம். "'ஏலே! இந்த ஆத்துல தண்ணி ஓடலன்னா என்ன, ஓன் ரத்தம் ஓடும்லே!' எப்படி?"

அவள் என்னையே பார்த்தாள். "யாருப்பா இப்படிப் பேசுதா நம்ம ஊர்ல?"

"யாரும் பேசல. அவனுக்கு இதுதான வேணும்."

"எனக்கு வேண்டாம்."

"ஏட்டி, வேலை பெருசா, பேச்சு பெருசா?"

"எனக்கு வேலையே பேச்சுதானப்பா. பதினஞ்சு பேரு முன்னால நெசமா எழுதுதேன்னு சொல்லிருக்கேன். நீங்களே இப்படிக் கத்துனா, நான் எதுக்கு? அந்த சினிமாக்காரரே போதும்லா?"

இருபத்து நான்கு வயதில் கொள்கை பேசுகிறாள். அவளுக்குக் கொள்கையைக் கற்றுக்கொடுத்தது யார், வீடு நிறையப் புத்தகத்தை அடுக்கிவைத்து, ஊர்ப் பேச்சின் அருமையைச் சோற்றோடு பிசைந்து ஊட்டிய மடையன் யார் என்று யோசித்தேன். விடை தெரிந்ததால் எரிச்சல் கூடியது. "கொள்கையைக் கொண்டுபோய் வீட்டு வாடகைக்குக் கட்டு" என்று கத்தினேன்.

 அவள் மடிக்கணினியைத் திறந்து தன் பதினான்கு வரிகளையும் மேலிருந்து கீழே படித்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே, "சரி. கத்துங்க" என்றாள். வென்றுவிட்டேன். வென்ற மாதிரி இல்லை.

கத்தினேன். பாய் சொன்னபடி மூச்சை இழுத்தேன், முகவாயைத் தூக்கினேன். நான்காவது வரியில் வாசல் மணி அடித்தது. எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர், கையில் கைத்தடியோடு, "என்ன சார், வீட்டுக்குள்ள எவனும் புகுந்துட்டானா?" என்று கேட்டார். மனைவி, "இல்ல சார், இவுகதான். மகளுக்கு ஒத்தாசை பண்ணுதாவ" என்று அனுப்பிவைத்தாள்.

சென்னையிலிருந்து அரை மணியில் பதில். "செம்ம! இதுதான் அசல் திருநெல்வேலி! அங்கிள் பிச்சுட்டார்!"

கீழே ஏழு தீப்பிழம்புப் படங்கள் வேறு. மகள் அதை எனக்குக் காட்டிவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் மூடிவைத்தாள். வெள்ளிக்கிழமை ரயில் ஏறும்போது மட்டும் கேட்டாள்: "அப்பா, அன்னைக்கு முதல்ல பேசுனீங்கள்லா, சும்மா வாயில வந்தத. அத எடுத்துக்கிடவா?"

"எதுக்கு? அதுதான் செல்லாதுன்னுட்டானே."

"நம்ம ஆளு பொத்தானே அமுக்காம சும்மா நின்னா, எதிராளி சும்மா நிக்க மாட்டான், ஏதாவது பேசுவான். அதுக்கு நாற்பது நொடி ஆகும். அங்க என்ன வேணாலும் போட்டுக்கோ, யாரும் கேக்கப் போறதில்லன்னு எங்க சார் சொல்லிட்டாரு."

யாரும் கேட்கப் போவதில்லை என்ற இடத்துக்குத்தான் எங்கள் ஊர் போயிருக்கிறது. எடுத்துக்கொள் என்றேன்.

வேலை நிரந்தரமானது. கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பினாள். இரண்டு மாதம் கழித்து ஊருக்கு வந்தவள், சோதனைக்கென்று அந்த விளையாட்டையே என் செல்பேசியில் இறக்கித் தந்து, "மண்டபத்துல ஏறுனதும் ஒண்ணும் அமுக்காதீங்கப்பா. பேசாம நில்லுங்க" என்றாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து கூடத்தில் உட்கார்ந்தேன். இளவரசன் மண்டபத்தில் ஏறினான். ஏழடிக்காரன் எழுந்தான். "ஏலே!" என்றான், என் குரலில். சுவரில் பல்லி ஓடியது. நான் ஒன்றும் செய்யக்கூடாது. அவ்வளவுதான். பொறுமை, நிதானம், ஆழ்ந்து கேட்டல் ஆகியவை பற்றி இளைய தலைமுறைக்கு ஊர்ப் பத்திரிகையில் கட்டுரையே எழுதியிருக்கிறேன். எட்டாவது நொடியில் என் கட்டைவிரல் தானாகப் போய் அமுக்கியது. இளவரசன் வாளை உருவினான். "ஓன் ரத்தம் ஓடும்லே!" என்று கர்ஜித்து நானே என் தலையை எடுத்தேன்.

மறுபடி. பதினோரு நொடி. தலை போயிற்று. மறுபடி. அரிவாளோடு ஒருவன் எதிரே நிற்கும்போது சும்மா நிற்பது எப்படி? அவன் கத்தக் கத்த எனக்கு வீரம் ஏறுகிறது. அவன் நான்தான் என்பதும், அவன் தேங்காய் உடைக்கத் தெரியாதவன் என்பதும் கட்டைவிரலுக்குத் தெரியவில்லை. ஆறு முறை செத்தேன். ஏழாவது முறை, இளவரசன் படியேறும்போதே செல்பேசியை மனைவியிடம் நீட்டினேன்.

"இதப் பிடி. ஒண்ணும் செய்யாத."

"எனக்கு அடுப்புல பால் இருக்கு" என்று அவள் அதை வாங்கிச் சமையலறை மேடையில் வைத்துவிட்டு, பாலைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். இளவரசன் நின்றான். காவலன் கத்தி ஓய்ந்தான். பால் பொங்கி இறங்கியது. ஜமுக்காளத்துக்குள் வியர்த்து வழிந்தபடி நான் பேசிய குரல், குக்கர் சத்தத்தின் மிச்சத்தோடு, மெதுவாகக் கேட்டது.

"என்னலே, நின்னுக்கிட்டே இருக்கே? சாப்ட்டியாலே?"

மனைவி கரண்டியோடு கூடத்துக்கு வந்தாள்.

"யாரப் பாத்து லேங்கிய?"