விஜயதசமிக்குப் பிறகு போட்ட ஃபைல்கள்

எந்த ஆபீஸுக்குப் போனாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். கரண்ட் வந்தால் சர்வரை முதலில் போடுங்கள், அது எழுந்து உட்கார்ந்த பிறகு மற்ற கம்ப்யூட்டர்களைப் போடுங்கள். தொண்டைத் தண்ணி வற்றக் கத்தியிருக்கிறேன். எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். நான் படி இறங்கியதும் கைக்கு எது எட்டுகிறதோ அதைத் தட்டுவார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். வராமல் என்ன செய்யும்? நாளைக்கு ஏதாவது ஆனால் வாங்கிக் கட்டிக்கொள்வது நான்தானே!

திருவொற்றியூரில் அப்படி ஒரு ஆபீஸ். உறைய வைத்த இறாலை வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனிகளுக்குத் துறைமுகக் காகித வேலைகளைச் செய்துகொடுக்கும் இடம். முதலாளி தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. ஏற்றுமதிக் காகிதங்களைத் தயாரிப்பது ஒரு பெண். பக்கத்துக் குப்பத்துக்காரி, அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள். அவள் புருஷனுக்கு ராயபுரத்தில் இதே தொழில் செய்யும் இன்னொரு ஆபீஸில் வேலை. இந்தக் கடைசி விஷயம் யாருக்கும் உறுத்தாமல்தான் இருந்தது, அன்றைக்கு வரை.

எம்.கே.பி. நகரில் சின்னதாகக் கடை போட்டிருக்கும் எனக்கு அங்கே கம்ப்யூட்டர் பராமரிப்பு. பின்கட்டில் ஒரு சர்வர். அதில் பொதுவாக ஒரு ஃபோல்டர். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் 'ஏற்றுமதி' என்று ஒரு வெற்று ஃபோல்டரை வைத்து, மெஷின் எழும்போது சர்வரில் இருக்கும் பொது ஃபோல்டர் அதன்மேல் வந்து உட்காரும்படி செய்திருந்தேன். உட்கார்ந்துவிட்டால், யார் எங்கிருந்து ஃபைல் போட்டாலும் சர்வருக்குப் போகும், எல்லோருக்கும் தெரியும். எந்தெந்த மெஷினுக்கு அனுமதி என்பதை சர்வரில் எழுதி வைக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

ஆயுத பூஜை முடிந்து இரண்டு வாரம் இருக்கும். அண்ணாச்சி கூப்பிட்டார். வாசலில் செக்யூரிட்டிக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருக்கிறார், அதிலும் ஏற்றுமதி ஃபோல்டர் தெரிய வேண்டும், லாரி வந்தால் அங்கேயே காகிதத்தை அச்செடுத்துக் கொடுத்துவிடலாம். எண்ணூர் ரோட்டில் டிரெய்லர்கள் வால் பிடித்து நிற்க, இடுக்கில் பைக்கை ஓட்டிக்கொண்டு மதியம் போய்ச் சேர்ந்தேன். சர்வரில் வாசல் மெஷினுக்கு அனுமதி எழுதினேன். எதற்கும் இருக்கட்டும் என்று, எல்லா மெஷினிலும் பொது ஃபோல்டரைப் புதிதாக இணைத்துவிட்டேன். பிறகு செக்யூரிட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னேன்.

"இன்னா சார், காலியா கீது?" என்றார் அவர்.

நான் எட்டிப் பார்த்தேன். காலி. உள்ளே ஓடிப்போய் அந்தப் பெண்ணின் மெஷினில் பார்த்தேன். அதிலும் காலி. நான்தான் எதையோ அழித்துத் தொலைத்துவிட்டேனா?

"அண்ணா, காலைலகூட இதுலதான் வெச்சேன்," என்றாள். முகம் வெளுத்துவிட்டது. "இப்பப் போற வண்டியோட பேப்பர் மொத்தமும் இதுலதான் இருந்துச்சு."

வண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தது. குளிர்ப்பெட்டி முழுக்க இறால். சாயங்காலத்தோடு அது ஏற வேண்டிய கப்பலுக்குத் துறைமுக கேட்டை மூடிவிடுவார்கள். காகிதத்தை முதலிலிருந்து செய்தால் மறுநாள் ஆகிவிடும். டிரைவர் உள்ளே தலையை நீட்டி, "மாமு, எம்மா நேரம் நிக்கிறது? லைன்ல போய் சொருவணும்ல?" என்று சத்தம் போட்டார்.

நான் சர்வரில் போய்த் தேடினேன். மற்றவர்கள் போடும் கணக்கு, இறக்குமதி ஃபோல்டர்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. யாரும் எதையும் அழித்த அடையாளமே இல்லை. அதை நான் வாய்விட்டு வேறு சொல்லித் தொலைத்தேன். "சர்வர்ல யாரும் அழிக்கல அண்ணாச்சி. பூஜைக்குப் பிறகு இவங்க போட்ட ஃபைல் மட்டும்தான் இங்க வரவே இல்ல."

அண்ணாச்சி அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"வரவே இல்லைன்னா எங்கன போச்சு? பூஜைக்குப் பொறவு நீ போட்டது ஒண்ணுகூட இல்லையாம்லா. உன் வீட்டுக்காரன் எங்க வேலை பாக்கான்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

அவளுக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "இன்னா அண்ணாச்சி பேசுறீங்க? நான் திருடிக்கினு போய் அங்க குடுத்தேன்றீங்களா?"

"பையைத் தெற. பென் டிரைவ் இருக்கான்னு பாக்கணும்."

செக்யூரிட்டியைக் கூப்பிட்டார். அவர் கையைப் பிசைந்துகொண்டு, "மன்ச்சுக்கோமா," என்றார். அவள் அவரைத் தொடவிடவில்லை. தானே பையைத் தலைகீழாகப் பிடித்து மேஜையில் கொட்டினாள். டிபன் பாக்ஸ், சீப்பு, ஒரு மாத்திரை அட்டை, சில்லறை, பிள்ளைக்கு வாங்கிய கலர் பென்சில், பேப்பரில் சுற்றிய நாப்கின் பொட்டலம். செக்யூரிட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பென் டிரைவ் இல்லை.

எனக்கு வந்தது கோபமா பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவள் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் தோன்றி என்ன பிரயோஜனம், ஃபைல் எங்கே?

அண்ணாச்சி போனை எடுத்தார். "போலீஸுக்குச் சொல்லப் போறேன்."

"இருங்க அண்ணாச்சி," என்று கத்தியேவிட்டேன். வேறு எதுவும் தோன்றாமல் சர்வரிலேயே மறுபடி துழாவினேன். அப்போதுதான் பொறி தட்டியது. அண்ணாச்சிக்கு ஒரு வழக்கம். ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஏற்றுமதி ஃபோல்டரில் இருக்கும் எல்லாவற்றையும் 'பழசு' என்று தனியாக எடுத்து வைக்கச் சொல்வார். பூஜையன்று ஒரு மெஷின் விடாமல் அணைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி படைப்பார். விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்து, வெற்று ஃபோல்டரில் முதல் ஃபைலைத் தன் கையால் போடுவார். பிள்ளையார் சுழி, கீழே 'லாபம்', அவ்வளவுதான் அதில் இருக்கும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கை வைக்கலாம்.

"அண்ணாச்சி, இந்த வருஷம் பிள்ளையார் சுழி ஃபைல் போட்டீங்களா?"

"போடாம? இவ சீட்டுல ஒக்காந்து என் கையால போட்டேன்."

"அதுவும் இங்க இல்லை."

போன் கையிலேயே நின்றது. "என்ன தம்பி சொல்லுத?"

"உங்க ஃபைலையும் இவங்கதான் திருடினாங்களா?"

அந்த ஃபைல் காணாமல் போனது அவருக்கு இறாலைவிடப் பெரிய பயம் என்று முகத்திலேயே தெரிந்தது.

"அன்னிக்கு எந்த மெஷினை முதல்ல போட்டீங்க?"

"இவ மிசினைத்தான். அதுதான் கிழக்கு பாத்து இருக்கு. நல்ல நேரம் முடியப் போவுதுன்னு அவசரமா போட்டேன்."

"சர்வரை?"

"அது தெக்கு மூலையில கெடக்கு. அதை இதுக்குப் பொறவுதான் போட்டோம். மத்த மிசினெல்லாம் அதுக்கும் பொறவு."

அடக் கடவுளே! எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. இவள் மெஷின் எழுந்தபோது சர்வர் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. பொது ஃபோல்டர் வந்து உட்காரவில்லை. வெறும் ஃபோல்டர், அந்த மெஷினுக்குள்ளேயே இருக்கும் சொந்த ஃபோல்டர், வாயைத் திறந்துகொண்டு இருந்திருக்கிறது. வேறு நாளாக இருந்தால் பழைய ஃபைல்கள் தெரியவில்லையே என்று யாராவது கேட்டிருப்பார்கள். அன்றைக்குக் காலியாக இருப்பதுதானே முறை! அண்ணாச்சி சுழி போட்டார், அவளும் அதற்கு மேலேயே வேலை பார்த்தாள். அந்த ஆபீஸில் பூஜையைத் தவிர மெஷினை அணைக்கும் வழக்கமே கிடையாது, கரண்ட் போனாலும் பேட்டரி தாங்கிவிடும். இரண்டு வாரமும் அப்படியே ஓடியிருக்கிறது. இன்றைக்கு நான் வந்து பொது ஃபோல்டரை அதன்மேல் இணைத்தேன். தரையில் கிடக்கும் சாமான்மேல் பாயை விரித்த மாதிரி.

"ஃபைல் எங்கயும் போகல. இந்த மெஷின்லயே அடியில இருக்கு," என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, இருக்க வேண்டுமே!

அவள் மெஷினில் உட்கார்ந்து பொது ஃபோல்டரைக் கழற்றக் கட்டளை கொடுத்தேன். முடியாது, அது உபயோகத்தில் இருக்கிறது என்று பதில் வந்தது. திறந்திருந்த ஜன்னல்களை ஒவ்வொன்றாக மூடினேன். மறுபடியும் அதே பதில். டிரைவர் வெளியே ஹாரனை அழுத்தினார். "அந்த ஹாரனைப் புடுங்கி எறிய ஒருத்தரும் இல்லையா!" என்று நான் கத்தினேன். எதையெல்லாமோ மூடிய பிறகு, மூலையில் ஒளிந்திருந்த ஒரு படம் பார்க்கும் ஜன்னல் கண்ணில் பட்டது. அதை மூடினேன். கழன்றது.

'ஏற்றுமதி' ஃபோல்டரைத் திறந்தேன்.

முதல் வரியில் பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே அவள் போட்ட ஃபைல்கள், கப்பல் வாரியாக, தேதி வாரியாக, ஒன்று குறையாமல். கடைசியில் அன்று காலை போட்டது.

"இந்தா கீதுல்ல!" என்று செக்யூரிட்டி கூவினார்.

அவள் என்னை எழுந்திருக்கச் சொல்லி சைகை செய்து, தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அச்செடுத்தாள். ஒவ்வொரு தாளையும் சரிபார்த்து, முத்திரை வைத்து, டிரைவர் கையில் கொடுத்து, "பாத்து போங்கண்ணா, நேரம் இருக்குது," என்றாள். வண்டி கிளம்பியது. நான் எல்லாவற்றையும் சர்வருக்குப் பிரதி எடுத்துவிட்டு, பொது ஃபோல்டரை மறுபடி இணைத்தேன்.

"சரி, நல்லதாப் போச்சு. வேலையைப் பாருங்க," என்று அண்ணாச்சி உள்ளே திரும்பினார்.

"அண்ணாச்சி."

அவர் நின்றார். அவள் காலிப் பையை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். மேஜையில் அவள் சாமான்கள் அப்படியே கிடந்தன. "எல்லார் எதிர்லயும் கொட்ட வெச்சீங்கல்ல? இப்போ நீங்களே உள்ள வெச்சுக் குடுங்க."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் ஏன் உதவிக்குப் போகிறேன்? செக்யூரிட்டியைப் பார்த்தார். அவரும் அசையவில்லை. அண்ணாச்சி பையை வாங்கினார். டிபன் பாக்ஸை வைத்தார். சீப்பு, மாத்திரை, பென்சில். சில்லறையைக் கூட்டி அள்ளினார். பேப்பர் பொட்டலத்தின் முன்னால் அவர் கை நின்றது. பிறகு அதையும் எடுத்து வைத்தார்.

"தப்பு சொல்லிட்டேன்," என்றார் குனிந்தபடியே. "நாளைக்கு வருவல்லா?"

"வருவேன். வேலை வேணும்ல. ஆனா பை எடுத்துகினு வர மாட்டேன்."

சொன்ன மாதிரியே செய்கிறாள். போன வாரம் ஒரு பிரிண்டர் வேலைக்காக அங்கே போயிருந்தேன். சர்வரைத் தெற்கு மூலையிலிருந்து எடுத்து, கிழக்கு பார்க்க வைத்திருந்தார்கள். காலையில் அவள் உள்ளே வந்தாள். கையில் ஒரு பெரிய கண்ணாடிக் கவர், ஜவுளிக்கடையில் புடவை வைத்துக் கொடுப்பார்களே, அது. டிபன் பாக்ஸ், சீப்பு, மாத்திரை, பேப்பர் பொட்டலம், எல்லாம் வெளியே தெரிந்தன. அதை மேஜைமேல், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துவிட்டு, மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். அண்ணாச்சி எழுந்து சாமி படத்துப் பக்கம் போய், ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த விளக்கின் திரியைச் சரிசெய்யத் தொடங்கினார்.