சுறா எண்ணெய் பாலான கதை

கம்பவுண்டர் பரீட்சையில் தேறிய புதிதில் எனக்கிருந்த தலைக்கனத்தைச் சொன்னால் இன்று நானே நம்பமாட்டேன். ராயபுரத்தில் ஒரு டாக்டரின் டிஸ்பென்சரியில் வேலை. மிக்ஸ்சர் பாட்டிலில் அளவுக் காகிதம் ஒட்டுவதைக்கூட நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் செய்வேன். சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்.

என் மனைவி காத்திவாக்கத்துக் கட்டுமரக்காரர் மகள். ஐந்து மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது ஒரு சாயங்காலம் வாசற்படியில் தடுக்கி விழுந்தாள். அப்போதுதான் உண்மை வெளியே வந்தது. விளக்கு வைக்கும் நேரமானால் ஒரு மாதமாகவே அவளுக்குக் கண் தெரிவதில்லையாம். சுவரைத் தடவித் தடவிச் சமாளித்திருக்கிறாள். ஊருக்கெல்லாம் மருந்து கலக்குகிற புருஷன் இதைக் கவனிக்கவே இல்லை. வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

டாக்டர் பார்த்துவிட்டு, "மாலைக்கண். சத்து போதலை. சுறா மீன் எண்ணெய் தினம் ஒரு சின்னக் கரண்டி குடு, அதுக்கு மேல வேணாம். சீக்கிரம் தெளிஞ்சிடும். ஆனா இன்னொரு தடவை விழுந்தா வயித்துப் பிள்ளை தாங்காதுப்பா" என்றார்.

அவள் சுறாப்புட்டு தின்றே வளர்ந்தவள். இது என்ன பிரமாதம் என்று நினைத்தேன். கரண்டி உதட்டில் பட்டதுதான் தாமதம், கொல்லைப்புறம் ஓடினாள். அடுத்தடுத்து மூன்று நாளும் இதே கதை.

"வயித்துல கீறது வாணாங்குது மாமா. நான் இன்னா பண்ணட்டும்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தண்ணீரில் கலந்து கொடுத்தேன். எண்ணெய் மேலே வந்து மிதந்தது. குலுக்கினேன், வாய்க்குக் கொண்டுபோவதற்குள் மறுபடி மேலே வந்துவிட்டது. எண்ணெயும் தண்ணீரும் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி. நடுவில் ஒருவர் உட்கார்ந்து சமாதானம் பேசினால்தான் ஒட்டும். மருந்துக் கலவையில் அந்த மத்தியஸ்தர் கோந்து. எண்ணெயைப் பொடித்துளிகளாக்கி, ஒவ்வொரு துளியையும் கோந்து போர்த்திவிட்டால் அது பாலாகிவிடும். நாற்றமும் அடங்கும், வயிறும் சுலபமாக ஏற்றுக்கொள்ளும். மருந்து எவ்வளவு உசத்தியானாலும் உடம்புக்குள் போய்ச் சேர்ந்தால்தானே மருந்து!

இதையெல்லாம் பரீட்சையில் எழுதித் தேறியவன்தான் நான். கையால் செய்ததில்லை. டிஸ்பென்சரியில் அது மூத்த கம்பவுண்டரின் வேலை. அவரிடம் போய்க் கேட்க என் தலைக்கனம் விடுமா?

ஞாயிற்றுக்கிழமை, டாக்டரிடம் சொல்லிவிட்டு, மருந்து அரைக்கும் பீங்கான் கல்வத்தையும் குழவியையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எண்ணெய் நாலு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு, கோந்துத்தூள் ஒரு பங்கு. எண்ணெயில் கோந்தைக் குழைத்து, தண்ணீரைத் துளித்துளியாக விட்டு அரைத்தேன். திரிந்தது. கோந்து மட்டம் என்று திட்டினேன். இரண்டாம் தடவையும் திரிந்தது. கடல்காற்றின் ஈரம் என்றேன். ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணல். பாட்டிலில் இன்னும் ஒரு தடவைக்குத்தான் எண்ணெய் இருந்தது.

மூன்றாம் தடவை, முதல் இரண்டு சொட்டை விடவே வெகுநேரம் எடுத்துக்கொண்டேன். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னா மாமா, கண்ணுக்கு சொட்டு மருந்து வுட்றா மாறி வுட்டுகினு கீறே? இந்த வேகத்துல போனா புள்ள பொறந்து நடந்துரும். குடு இப்டி!"

அளந்து வைத்திருந்த தண்ணீர்க் கிளாஸைப் பிடுங்கி ஒரேயடியாகக் கவிழ்த்துவிட்டாள். "போச்சு!" என்று நான் அலறினேன். அவள் காதிலேயே வாங்கவில்லை. குழவியைப் பிடுங்கி, ஒரே பக்கமாக, வெறியோடு சுற்றினாள். கொஞ்ச நேரத்தில் கல்வத்துக்குள்ளிருந்து பட்பட்டென்று சின்னதாக ஒரு சத்தம் வந்தது. எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்தால் வரும் சத்தம் அது. புத்தகத்தில் படித்திருந்தேன், காதால் கேட்டது அன்றுதான். மஞ்சள் எண்ணெய் வெளுத்து, கெட்டியாகி, பாலாடை போலத் திரண்டு நின்றது.

முதல் தண்ணீரை ஒரேயடியாகத்தான் ஊற்ற வேண்டும். துளித்துளியாக விடுவது அதற்குப் பிறகு, நீர்க்க வைக்கும்போது. தலைகீழாக ஞாபகம் வைத்துக்கொண்டு பரீட்சையில் எப்படித் தேறினேனோ!

எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்வத்தைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். எதிர்வீட்டு பாய் அப்போதுதான் கடையிலிருந்து வந்துகொண்டிருந்தார். எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, ஐஸ்கிரீமா?" என்றார். "சுறா பாய், சுறா!" என்று நான் குதித்த குதியில் அவர் இரண்டடி பின்வாங்கினார்.

துளித்துளியாகத் தண்ணீர் விட்டு நீர்க்க வைத்து, லவங்கப்பட்டைத் தைலம் ஒரு சொட்டும் சர்க்கரையும் சேர்த்தேன். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு குடித்தாள். கொல்லைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். குமட்டல் வரவில்லை. ஒரு ஏப்பம் வந்தது, அவ்வளவுதான். இருவரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம்.

அதன் பிறகு தினம் ஒரு கரண்டி. சாயங்காலமானால் நான் வரும்வரை இடத்தைவிட்டு எழுந்திருக்காதே என்று சத்தியம் வாங்கியிருந்தேன். வேலை முடிந்ததும் பதறிக்கொண்டுதான் வீட்டுக்கு ஓடிவருவேன்.

எத்தனையாவது நாளோ, நினைவில்லை. வெளிச்சம் மங்கிவிட்டது, தெருவிளக்கு இன்னும் எரியவில்லை. எங்கள் சந்தில் பாதி தூரம்தான் வந்திருப்பேன். வாசலில் உட்கார்ந்திருந்தவள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"இன்னா மாமா, சட்டப் பித்தானை மாத்திப் போட்டுகினு வரே!"

குனிந்து பார்த்தேன். மேல் பித்தான் இரண்டாவது துளையில் இருந்தது. காலையிலிருந்து டிஸ்பென்சரி முழுக்க அப்படித்தான் திரிந்திருக்கிறேன். சந்து நடுவில் நின்று அழுதேன். பிறகு எல்லாப் பித்தானையும் கழற்றி, வேறு விதமாகத் தப்பாகப் போட்டுக்கொண்டு, இருபதடி பின்னால் போய் நின்றேன்.

"இப்போ?"

"கடைசிது ரெண்டும் போடல!"

மறுபடி மாற்றிப் போட்டுக்கொண்டு இன்னும் பின்னால் போனேன். "இப்போ?"

"நடுவுல ஒண்ணு போடல!"

சந்து முனைவரை போய்விட்டேன். நன்றாக இருட்டிவிட்டது. எனக்கே என் பித்தான் தெரியவில்லை.

"இப்போ?" என்று கத்தினேன்.

"தெரில மாமா," என்று சிரித்தாள். "ஆனா நீ சிரிக்கிறது தெரிது. வூட்டுக்கு வா."