மாப்பிள்ளை காவல் காத்த நெல்

வலங்கைமான் பக்கத்தில் ஆறு மா குத்தகை நிலம், அறுவடை மெஷின் பிடித்துக் கொடுக்கும் தரகு, இரண்டும் மதிவாணனுக்கு உண்டு. ஆனால் ஊருக்கு அவர் ‘செய்தி மதி’. தினமும் சாயங்காலம் ஊர் வாட்ஸாப் குழுவில் வானொலிக் குரலில் ஆரம்பிப்பார்: “வணக்கம். வாய்க்கால் தூர்வாரப்பட்டதாகப் பலகை நடப்பட்டது. பலகை நட்ட குழி மட்டும் நன்றாகத் தூர்வாரப்பட்டுள்ளது.” சிங்கப்பூரிலும் சார்ஜாவிலும் இருக்கிற ஊர்ப் பிள்ளைகள் சாப்பிட உட்காரும்போது அதைத்தான் போட்டுக் கேட்பார்கள்.

இந்த ஐப்பசியில் மழையும் குறுவை நெல்லும் கைகோத்துக்கொண்டு வந்தன. கொள்முதல் நிலையத்துக்கு வெளியே சாலை நெடுக நெல் குவிந்து கிடந்தது. படுதா கிடைக்காதவர்கள் கட்சி பேனர், காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி பேனர் என்று அகப்பட்டதைப் போட்டு மூடியிருந்தார்கள்.

அன்று மதியம் காற்று கிளம்பியதும் பஞ்சநதத்தின் குவியல் மேல் கிடந்த பேனர் தூக்கிக்கொண்டது. பஞ்சநதம் டீக்குப் போயிருந்தார். பக்கத்து வயல்காரர், மதிவாணனுக்கு இரண்டு தலைமுறையாக வரப்பை ஒட்டிப் பழகிய அண்ணன். மதிவாணன் ஓடிப்போய்ப் பிடித்தார். வெள்ளைப் பக்கம் மேலே தெரிகிற மாதிரி போட்டிருந்தது. ‘அச்சடித்த பக்கத்தில்தானே தண்ணீர் வழியும், இது கூடவா அண்ணனுக்குத் தெரியாது’ என்று புரட்டிப் போட்டு, நாலு மூலைக்கும் செங்கல் வைத்தார்.

வைத்துவிட்டு நிமிர்ந்தால், கல்யாண பேனர். பஞ்சநதத்தின் மகள் அனுராதா ஒரு பக்கம், மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு மறுபக்கம். கீழே ‘வாழ்த்தும் நெஞ்சங்கள்’ வரிசையில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு மதிவாணனே சிரித்துக்கொண்டிருந்தார்.

இதை விடுவாரா?

“வணக்கம். மாமனார் நெல்லுக்கு மாப்பிள்ளை நேரில் வந்து காவல் காக்கிறார். பலத்த மழையிலும் அவர் முகத்தில் சிரிப்பு குறையவில்லை. மாமனார் வீட்டுச் சொத்தை இவ்வளவு பொறுப்பாகப் பார்க்கும் மருமகன் டெல்டாவிலேயே இவர் ஒருவர்தான்.” படத்தோடு அனுப்பினார். குழு முழுக்கச் சிரிப்பு பொம்மைகள்.

அப்புறம் சிங்கப்பூரிலிருந்து ராஜ்குமார் எழுதினான்: “அந்த மாப்பிள்ளைக்கு மாயவரத்துல வேற பொண்ணு பாக்குறாங்களாமே? உண்மையா?”

அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஆடியிலிருந்து அனுராதா தாய் வீட்டில்தான் இருந்தாள். அரசாங்கப் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று பஞ்சநதம் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். ஊரும் நம்பியது. மதிவாணன்கூட, “கலெக்டரம்மா, எங்களயெல்லாம் ஞாபகம் வச்சிக்கம்மா” என்று கேலி செய்திருக்கிறார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு தலையாட்டியது இப்போது நினைவுக்கு வந்தது. அண்ணன் பேனரைத் தெரியாமல் கவிழ்த்துப் போடவில்லை.

அன்று இரவு மனைவி வள்ளியம்மை தட்டை நகர்த்தி வைத்தாள். “ஊர் நெல்லுக்கெல்லாம் படுதா தேடுறாங்க. முதல்ல உங்க வாய்க்கு ஒண்ணு போட்டு மூடணும்.”

மறுநாள் காலை பஞ்சநதத்தின் குவியலுக்கு எடை. அவரைக் காணவில்லை. நெல்லில் முளை கண்டிருந்தது. ஆள் இல்லையென்றால் அடுத்த குவியலுக்குப் போய்விடுவார்கள், பிறகு இது மாட்டுக்குத்தான். மதிவாணன் பைக்கை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். பஞ்சநதம் கொல்லையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, எடை போட வந்துட்டாங்க. வாங்கண்ணே. என்னை எவ்வளவு வேணா திட்டுங்க, அப்பறம் திட்டுங்க.”

மதிவாணன் அவர் பின்னால் போய்க் குந்தினார்.

“எனக்குத் தெரியாதுண்ணே.”

“தெரியாதுல்ல?” பஞ்சநதம் திரும்பவில்லை. “தெரியாதவன் எதுக்குடா புரட்டிப் போட்ட?”

 உள்ளேயிருந்து அனுராதா துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். “நான் வரேன் சித்தப்பா. வண்டிய எடுங்க.”

கொள்முதல் நிலையத்தில் அவள் இறங்கியதும் பேச்சு நின்றது. அத்தனை பேரும் ஒரு தடவை அவளையும் ஒரு தடவை பேனரையும் பார்த்தார்கள். அவள் செங்கற்களைக் காலால் தள்ளிவிட்டு, பேனரைச் சுருட்டி ஓரமாகப் போட்டாள். எடை போடுபவரிடம், “அளங்கண்ணே” என்றாள்.

மதிவாணனால் சும்மா நிற்க முடியவில்லை. யாரும் கேட்காமலே போய், தைத்து வைத்திருந்த மூட்டை ஒன்றைத் தோளில் ஏற்றினார். ஐம்பத்தைந்து வயது, மூட்டை தூக்கிப் பழக்கமில்லாத முதுகு. நாலு எட்டு வைத்திருப்பார். சேறு வழுக்கி, மூட்டை ஒரு பக்கம் அவர் ஒரு பக்கமாக மல்லாந்தார்.

“செய்தி விழுந்துட்டாருடோய்!” என்று சுமைதூக்கும் அண்ணாதுரை கத்த, மொத்த இடமும் வெடித்துச் சிரித்தது. அனுராதாவின் மேல் மொய்த்திருந்த கண்களெல்லாம் இங்கே திரும்பின. அந்தச் சந்தடியிலேயே அவள் நெல் முழுக்க எடை ஏறியது.

அடி பம்பில் அவர் சேற்றைக் கழுவும்போது அனுராதா பக்கத்தில் வந்து நின்றாள்.

“இன்னைக்கு செய்தி உண்டா?”

“இனிமே இந்த ஜென்மத்துல கிடையாதும்மா.”

“அப்ப நேத்து செய்தியேதான் ஓடிக்கிட்டு இருக்கும். நீங்க விழுந்தீங்கல்ல, அதப் போடுங்க.”

 போனை வாயருகே கொண்டுபோனார். “வணக்கம். கொள்முதல் நிலையத்தில் இன்று ஒரு மூட்டை மதிவாணனைத் தூக்க மறுத்துவிட்டது. மூட்டைக்குக் காயமில்லை. அதனிடம் மதிவாணன் மன்னிப்பு…”  வானொலிக்காரரின் குரல் எங்கோ போய், வெறும் மதிவாணன் பேசினார். “…மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.”

அவள் சிரிக்கவில்லை.

“அண்ணன் கேப்பாராம்மா?”

“அப்பா நேத்தே குழுவ விட்டுப் போயிட்டாரு” என்றாள். “நீங்க அனுப்புங்க.”