ஹேர்னிங்கில் பிடித்த கேட்ச்

ஞாயிறு பிற்பகல் இரண்டு பத்து. டென்மார்க்கின் ஹேர்னிங் மைதானத்தில் முதலில் கண்ணில் படுவது, பத்து வீரர்களுக்கு வெகு பின்னால் தனியாக நிற்கும் ஒருவர். ஆட்டம் அமெரிக்கக் கால்பந்து. எதிரணி உதைத்தனுப்பும் பந்தை அவர் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். மற்றவர்கள் வலது ஓரமாகச் சுவர்போல் திரண்டு அவருக்கு வழியமைப்பார்கள். அவருடைய ஹேர்னிங் அணி நான்கு புள்ளி முன்னால் இருக்கிறது. ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. தோற்றால் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும்.

“அது என்ர மனுசன் தனேஸ்,” என்கிறார் பக்கத்தில் ரோல்ஸ் சாப்பிடும் வதனி. “யாழ்ப்பாணத்தில கிரிக்கெட் விளையாடினவர். ஒரு கேட்சும் விட்டதில்லை, அண்ணை. அதுக்காகத்தான் கோச் அங்க நிப்பாட்டினவர்.”

பந்து உயரப் போய் இறங்குகிறது. தனேஸ் நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கிறார். பிடித்த வேகத்தில், விக்கெட் விழுந்துவிட்டதுபோல், பந்தை மேலே எறிந்துவிட்டு இரு கைகளையும் விரிக்கிறார். வலது ஓரத்தில் எட்டு டேனிஷ்காரர்கள் யாரும் வராத வழியைக் காத்தபடி ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

விழுந்த பந்தை எதிரணிக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டு கடைசிக் கோட்டைத் தாண்டி ஓடுகிறார்.

“கேட்ச் நல்லாத்தானே பிடிச்சவர்?” என்று வதனி கேட்கிறார்.

“நல்ல கேட்ச்தான்,” என்கிறேன்.

எதிரணிக்கு ஆறு புள்ளி.